குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஜவானுக்கு வக்கீல் எதற்கு?

இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டவர்கள் வெளியாட்கள் இல்லை. ஊருக்குள் இருக்கும் டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி ஆட்சியர் அலுவலக வாசலில் வெயிலில் உட்கார்ந்த எங்கள் பெண் தோழர்கள். "நாங்க கடைய மூடச் சொல்லிப் போராடுறோம். நீங்க குடிச்சவனுக்கு வக்காலத்து வாங்கப் போறீங்க. அப்புறம் எதுக்கு நம்ம சங்கத்துக்கு அம்பேத்கர் பேரு?" என்று நேரடியாகவே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு நாங்கள் சொன்ன பதிலையும், அந்தப் பதிலைத் தேடிப் படித்த சட்டத்தையும், உங்களுக்காக, குறிப்பாகச் சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக, எழுதுகிறோம்.

முதலில் இந்த வழக்குகள் எங்களிடம் ஏன் வருகின்றன என்று சொல்லிவிடுகிறோம். வேலூர் சுற்றுவட்டாரம் பல தலைமுறைகளாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் பகுதி. ஊர்த்தெருவிலிருந்து மட்டும் போகவில்லை, காலனியிலிருந்தும் போகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் படையிலும் மெட்ராஸ் சாப்பர்ஸிலும் நம் மக்கள் பெருமளவில் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர். அதே 1890களில்தான், 'வீர இனங்கள்' என்று ஒரு கதையைக் கட்டிய ஆங்கிலேய அரசு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. சீருடை நமக்குச் சோறு போட்டிருக்கிறது, படிப்பும் மரியாதையும் கொடுத்திருக்கிறது. அதை ஒரே உத்தரவில் பறித்தும் இருக்கிறார்கள். இந்த வரலாறு தெரிந்தால்தான் ஒரு ஜவானின் வேலை ஒரு குடும்பத்துக்கு என்ன என்பது புரியும்.

முப்படைகளில் இடஒதுக்கீடு கிடையாது. எங்கள் இரவுப் பாடசாலைப் பையன்கள் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து ஏரிக்கரையில் ஓடி, யாருடைய தயவும் இல்லாமல்தான் உள்ளே போகிறார்கள். போன பிறகு அந்த வீட்டில் கூரை மாறுகிறது. தங்கை கல்லூரிக்குப் போகிறாள். ஆண்டை வீட்டில் வாங்கிய கடன் அடைகிறது. ஒரு சம்பளத்தை நம்பி ஐந்தாறு பேரின் வாழ்க்கை நிற்கிறது.

அவர்தான் விடுப்பில் ஊருக்கு வருகிறார். பட்டாளத்துக்காரர் வந்துவிட்டார் என்றால் கேன்டீன் சரக்கு கேட்டு நாலு பேர் வாசலில் நிற்பார்கள் என்பது எல்லா ஊருக்கும் தெரியும். இங்கே அரசே டாஸ்மாக் மூலம் 2003 முதல் சில்லறையாகச் சாராயம் விற்கிறது. அங்கே ராணுவம் சலுகை விலையில் பாட்டில் கொடுக்கிறது. திருவிழா, கல்யாணம், காரியம் என்று ஏதாவது ஒன்றில் இரண்டும் சேருகின்றன. இரவு பத்து மணிக்கு அவர் பைக்கை எடுக்கிறார். நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்துகிறது.

மறுநாள் காலை எங்களுக்கு வரும் போன் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, பேர் வெளிய தெரியாம ஃபைன் கட்டி முடிச்சிடலாமா? இருபது நாள்ல டியூட்டி ஜாயின் பண்ணணும்."

முடித்துவிடலாம் என்று தோன்றுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 185இன்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வண்டி ஓட்டினாலோ ஓட்ட முயன்றாலோ அது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ. 10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ. 15,000, அல்லது இரண்டும். சாலையிலேயே ரசீது போட்டு முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியல் பிரிவு 200இல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் 185 இல்லை. ஆகவே இந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போயே ஆகவேண்டும். நடுரோட்டில் யாராவது பணம் கேட்டால் அதற்குப் பெயர் அபராதம் இல்லை.

நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது? ஒரே நாளில் ஐம்பது அறுபது பேர் வரிசையில் நிற்பார்கள். பெயரைக் கூப்பிடுவார்கள். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" "ஆமாங்கய்யா." அபராதம், ரசீது, அடுத்த ஆள். சாதாரண மனிதருக்கு அதோடு முடிந்துவிடுகிறது. ஜவானுக்கு அங்கேதான் தொடங்குகிறது. அந்த "ஆமாங்கய்யா" சட்டப்படி ஒரு குற்றவியல் நீதிமன்றத்தின் தண்டனைத் தீர்ப்பு.

ராணுவச் சட்டம் 1950, பிரிவு 20இன் கீழ் ஒருவரை வேலையிலிருந்து நீக்க அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் முன் என்ன செய்ய வேண்டும் என்பதை 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 17ஆம் விதி சொல்கிறது. அவர்மீது என்ன புகார் என்று தெரிவிக்க வேண்டும். எழுத்தில் பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும். ஆனால் அதே விதியின் முதல் வரியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றத்திலோ கோர்ட் மார்ஷலிலோ தண்டனை பெற்றுத்தந்த நடத்தைக்காக நீக்கினால், இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

இன்னொரு முறை படியுங்கள் தோழர்களே. பத்தாயிரம் ரூபாய் கட்டி 'முடித்துக்கொண்ட' அந்த ஜவான், "என்ன சொல்கிறாய்?" என்று கேட்கப்படும் உரிமையையும் சேர்த்துக் கட்டிவிட்டு வருகிறார். குடித்து வண்டி ஓட்டிய ஒவ்வொருவரையும் ராணுவம் வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. ஆனால் அனுப்ப நினைத்தால் கேட்காமலே அனுப்பக்கூடிய நிலைக்கு அவரே போய் நிற்கிறார். இதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஜவானுக்குச் சேவைப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு பணி வேண்டும். பன்னிரண்டாவது ஆண்டில் இருப்பவருக்கு அந்தக் கையெழுத்தின் விலை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது 2022இல் அக்னிபத் வந்த பிறகு இன்னும் கூர்மையாகிவிட்டது. நான்கு ஆண்டு முடிவில் 25 சதவீதம் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். யாரை விடுவது என்று தேடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு தீர்ப்பு நகல் போதும்.

சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ராணுவச் சட்டத்தின் பிரிவு 48 போதையில் இருப்பதையே குற்றமாக்குகிறது, பணி நேரமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். தண்டனை எப்படி எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? அதிகாரி என்றால் பதவி பறிப்பு அல்லது அதற்குக் குறைந்தது. அதிகாரி அல்லாதவர் என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அதற்குக் குறைந்தது. பணியில் இல்லாதபோது என்றால் அந்த உச்சவரம்பு குறைகிறது, ஆனாலும் சிறைதான். ஒரே பாட்டில், ஒரே போதை. அதிகாரி இழப்பது பதவி, ஜவான் போவது சிறைக்கு. சட்டப் புத்தகத்திலேயே மேலே கீழே என்று அடுக்கு இருக்கிறது. அடுக்கு என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

விசாரிக்கும் முறையிலும் இதே கதைதான். ராணுவ முகாமுக்குள்ளேயே பிடிபட்டு, 'சம்மரி கோர்ட் மார்ஷல்' நடத்தினால், அந்த ஜவானின் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். அதிகாரிகளையும் ஜே.சி.ஓ.க்களையும் இந்த முறையில் விசாரிக்க முடியாது. ஜவான்களுக்கும் என்.சி.ஓ.க்களுக்கும் மட்டும்தான் இது. ராணுவ விதி 129இன்படி அவர் உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், வக்கீலாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வக்கீல் ஆலோசனை சொல்லலாம், என்ன கேள்வி கேட்கலாம் என்று எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ நீதிமன்றத்தைப் பார்த்து வாதிடவோ கூடாது. வாய் கட்டப்பட்ட வக்கீல்!

இந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1987ஆம் ஆண்டு ரஞ்சித் தாக்கூர் வழக்கைப் படியுங்கள். சிக்னல் பிரிவு ஜவான் அவர். தன் அதிகாரிமேல் புகார் அனுப்பியதற்காக 28 நாள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தபோது, சாப்பிடச் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு. யார்மேல் புகார் கொடுத்தாரோ அந்த அதிகாரியே விசாரணையிலும் உட்கார்ந்தார். ஓராண்டு கடுங்காவல், வேலை நீக்கம். உச்ச நீதிமன்றம் பாரபட்சத்தையும் தண்டனையின் அளவையும் காட்டி அதை ரத்து செய்தது. 2016இல் விஷவ் பிரியா சிங் வழக்கில் அதே நீதிமன்றம், சம்மரி கோர்ட் மார்ஷல் விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும், உடனடி நடவடிக்கை தவிர்க்க முடியாத நேரத்தில் மட்டும்தான் நடத்த வேண்டும் என்றது. 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில், நான்கு 'சிவப்பு மை' பதிவுகள் இருக்கின்றன என்பதற்காக மட்டுமே, விசாரணை இல்லாமல் ஒரு ஜவானைத் தானாக வெளியே அனுப்பிவிட முடியாது என்றது. இந்த மூன்று தீர்ப்புகளும் சும்மா வரவில்லை. யாரோ ஒரு ஜவான் "முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லாமல் வழக்கு நடத்தியதால் வந்தவை.

இப்போது எங்கள் அனுபவத்துக்கு வருகிறோம். இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறோம். பெயர், ஊர், படைப்பிரிவு எதையும் எழுதப் போவதில்லை.

முதலாமவர் ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்கு வந்தவர். நெடுஞ்சாலை சோதனையில் பிடித்தார்கள். கருவியில் ஊதினார், அளவு அச்சாகி வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தமும் எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு மணி நேரம் முக்கியமானது. பிரிவு 202இன்படி, 185இல் கைது செய்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் காவலிலிருந்து விடவேண்டும். வழக்கு அதனால் செத்துவிடாது, காவலில் வைக்கத்தான் முடியாது. இவர் விஷயத்தில் போலீஸ் எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்திருந்தது. அறிக்கையும் எல்லைக்கு மேல்.

அவருடைய அம்மா எங்களிடம் வந்தபோது கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். நீதிமன்றத்தில் கொடுக்க யாரோ எழுதிக் கொடுத்தது. அதில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தது. மகனுக்கு வேலை கிடைத்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்த அம்மா அவர். "மிலிட்டரின்னு தெரிஞ்சா வேலை போயிடும்னு சொன்னாங்க தம்பி, அதான்" என்றார்.

அந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னோம். காரணம் இரண்டு. நீதிமன்றத்திடம் பொய் சொல்வது, பிறகு படைப்பிரிவிடம் மறைப்பது என்று ஒரு குற்றம் மூன்றாகிவிடும். அடுத்து, ஜவான் என்று சொன்னால்தான் கிடைக்கும் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. கோர்ட் மார்ஷலுக்கும் உட்பட்ட ஒருவர் மேஜிஸ்திரேட் முன்னால் வந்தால் என்ன செய்வது என்பதைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 475ஆம் பிரிவும், இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 521ஆம் பிரிவும் சொல்கின்றன. அதற்கான 1978ஆம் ஆண்டு விதிகளின்படி, மேஜிஸ்திரேட் கமாண்டிங் ஆபீசருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அது போய்ச் சேர்ந்து பதினைந்து நாள் ஆகும்வரை தண்டிக்கவோ விடுவிக்கவோ கூடாது. அந்தப் பதினைந்து நாள் ஒரு மனிதன் தூக்கம் தெளிந்து யோசிப்பதற்கு, வக்கீலைப் பார்ப்பதற்கு, யூனிட்டுக்குத் தானே சொல்வதற்குக் கிடைக்கும் நேரம். 'கூலி' என்று எழுதினால் அது கிடைக்காது.

அவர் அன்று இரவே தன் கம்பெனி சுபேதார் சாகிப்புக்குப் போன் செய்தார். பக்கத்தில் நாங்களும் இருந்தோம். திட்டு விழுந்தது. ஆனால் யூனிட்டுக்கு விஷயம் அவர் வாயிலிருந்தே முதலில் போனது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து வக்கீல் பெற்றோம். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, பிரிவு 12இன்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்க வேண்டும். சம்பளம் வாங்கும் ஜவானுக்கும் அது பொருந்தும்.

வக்கீல் பொய்யான வாதம் எதையும் வைக்கவில்லை. அறிக்கை தெளிவாக இருந்தது. யாருக்கும் காயமில்லை, முதல் குற்றம், பன்னிரண்டு ஆண்டு பணி, தானே யூனிட்டுக்குத் தெரிவித்தவர் என்பதையெல்லாம் எழுத்தில் வைத்து, தண்டனையைப் பற்றி மட்டும் வாதிட்டார். அபராதம் விதிக்கப்பட்டது. ஓட்டுநர் உரிமம் போலீஸ் வழியாகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனது. தீர்ப்பில் அந்த விவரங்கள் எல்லாம் பதிவாகியிருந்ததால், யூனிட் விளக்கம் கேட்டபோது அதையே பதிலோடு இணைத்து அனுப்பினார். எச்சரிக்கையோடு விட்டார்கள். வேலையில் இருக்கிறார். ராணுவச் சட்டம் பிரிவு 121 இங்கே உதவியது. ஒரு குற்றத்துக்குக் குற்றவியல் நீதிமன்றம் தண்டித்த பிறகு, அதே குற்றத்துக்குக் கோர்ட் மார்ஷலில் மறுபடி விசாரிக்கவோ கமாண்டிங் ஆபீசர் மறுபடி தண்டிக்கவோ முடியாது. வேலை நீக்கம் போன்ற நிர்வாக நடவடிக்கைக்குத்தான் கதவு திறந்திருக்கும். அந்தக் கதவின் பக்கம்தான் நாம் உஷாராக நிற்க வேண்டும்.

இரண்டாமவர் கதை வேறு. புரோட்டா கடை வாசலில் நிறுத்தியிருந்த பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தவர். பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஊர்த்தெருப் பையன்களோடு வாய்த்தகராறு. போலீஸ் வந்தது, இவரை மட்டும் ஏற்றியது. பதிந்த வழக்கு குடித்துவிட்டு வண்டி ஓட்டியது. மூச்சுக் கருவி அச்சு இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. மருத்துவரின் சீட்டில் 'மது வாசனை உள்ளது' என்று ஒரு வரி.

இவரும் முதலில் ஃபைன் கட்டிவிடுகிறேன் என்றுதான் சொன்னார். வண்டி ஓட்டவே இல்லை, ஆனாலும் ஒப்புக்கொள்ளத் தயார். பயம் அப்படி. வக்கீல் பிரிவு 185ஐ வாசித்துக் காட்டினார். ஓட்ட வேண்டும் அல்லது ஓட்ட முயல வேண்டும். ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதாகச் சோதனை காட்ட வேண்டும். வாசனைக்கு மில்லிகிராம் கணக்கு கிடையாது. உச்ச நீதிமன்றம் 1971இலேயே பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில், ரத்தப் பரிசோதனை அறிக்கை நீதிமன்றத்துக்கு வராத நிலையில், வாய் வாசனையும் தள்ளாட்டமும் குளறலும் மட்டும் போதாது என்று சொல்லியிருக்கிறது.

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லையிலிருந்து வர முடியாது என்பதால் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு போட்டோம் (முன்பு 205ஆம் பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 228). சாட்சி சொல்ல வந்த காவலர், வண்டி ஓடியதைத் தான் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். விடுதலை.

அன்று இரவு ஸ்டேஷனில் சாதி சொல்லித் திட்டினார்கள் என்று அவர் சொன்னார். அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனிப் புகார் கொடுத்தோம். தனிப் புகார் என்பதை அழுத்திச் சொல்கிறோம். நம் இளைஞர்கள் பலர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். "சாதி சொல்லித் திட்டினாங்க, அதனால குடிச்ச கேஸ் பொய்" என்று வாதிட்டால் இரண்டுமே பலவீனமாகும். குடித்தாரா, ஓட்டினாரா என்பது ஒரு கேள்வி. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்களா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்றே பதில் வந்தாலும் இரண்டாவது குற்றம் குற்றம்தான். போதையில் இருப்பவரையும் சாதி சொல்லித் திட்ட எவருக்கும் உரிமையில்லை.

இனி எங்கள் பெண் தோழர்களின் கேள்விக்கு வருகிறோம். அவர்கள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட நாங்கள் மறுக்கவில்லை. குடித்த வண்டி யார்மேல் ஏறுகிறது? 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் அலிஸ்டர் பரேரா என்பவர் குடித்துவிட்டு ஓட்டிய கார் நடைபாதையில் ஏறியது. ஏழு பேர் செத்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். எல்லோரும் அங்கே தூங்கிக்கொண்டிருந்த கட்டுமானக் கூலிகள். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். உயர் நீதிமன்றம் அதை மூன்று ஆண்டாக உயர்த்தியது, 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏழு உயிருக்கு மூன்று ஆண்டு. சாலையோரம் தூங்குபவர்கள், விடிகாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், நூறுநாள் வேலைக்கு வரிசையாக நடந்து போகிற நம் அம்மாக்கள், இவர்கள்தான் அந்த வண்டியின் முன்னால் இருப்பவர்கள். ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். யாருக்காவது அடிபட்ட வழக்கு என்றால், எங்கள் சங்கம் முதலில் அடிபட்டவர் வீட்டுக்குப் போகும். ஓட்டியவர் நம் தெருக்காரராக இருந்தாலும் சரி. அவருக்கு வக்கீல் உரிமை உண்டு, அதை ஆணைக்குழுவில் கேட்டு வாங்க வழி காட்டுவோம். எங்கள் உழைப்பு அடிபட்டவருக்கு.

ஆனால் வக்கீல் வைப்பதும் குடியை ஆதரிப்பதும் ஒன்றில்லை. வக்கீல் இருந்தால் அறிக்கை பேசும். அறிக்கை எல்லைக்கு மேல் என்றால் தண்டனை கிடைக்கும், கிடைக்கட்டும், முதல் தம்பிக்குக் கிடைத்தது. வக்கீல் இல்லாவிட்டால் போலீஸ்காரரின் கோபமும் ஊர்த்தெருவின் பகையும் மேலதிகாரியின் மனநிலையும் பேசும். அந்த மூன்றும் நம்மை எப்படி நடத்தும் என்று உங்களுக்குத் தெரியும். அபராதம் பத்தாயிரம் என்று சட்டம் எழுதியிருக்கிறது. பென்ஷனும் தங்கையின் படிப்பும் அம்மாவின் வீடும் அந்த அபராதத்தில் சேர்த்தி என்று எந்தச் சட்டமும் எழுதவில்லை. தண்டனை எழுதிய அளவோடு நிற்க வேண்டும். அதற்குத்தான் வக்கீல்.

இதைப் பேசி முடித்த கூட்டத்தில் பெண் தோழர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். சங்கத்தின் உதவி கேட்டு வரும் ஜவான், விடுப்பு முடிவதற்குள் இரவுப் பாடசாலைக்கு வந்து, ராணுவத்துக்குத் தயாராகும் பையன்கள் முன்னால் நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் ஒத்துக்கொண்டோம். முதல் தம்பி வந்தார். தலையைக் குனிந்தபடி பத்து நிமிடம் பேசினார். கடைசியில், "கேன்டீன் பாட்டில ஊருக்கு எடுத்துட்டு வராதீங்கடா, கேக்குறவங்க கேட்டுட்டே இருப்பாங்க, வேலை போனா அவங்க யாரும் வரமாட்டாங்க" என்றார். நாங்கள் ஒட்டிய எந்தச் சுவரொட்டியும் அந்தப் பையன்களிடம் இவ்வளவு வேலை செய்ததில்லை.

சட்டம் படிக்கும் தோழர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் ஒரு ஜவானோ அக்னிவீரோ இப்படி மாட்டினால், முதல் நாளே செய்ய வேண்டியவை இவை.

வெற்றுத் தாளிலோ படிக்காத தாளிலோ கையெழுத்து வேண்டாம். நிறுத்திய நேரம், ஊதிய நேரம், ரத்தம் எடுத்த நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். கருவி அச்சின் நகலையும் மருத்துவர் சீட்டின் நகலையும் கேளுங்கள். ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுத்தவரிடம் ரத்தம் எடுக்கப் பிரிவு 204 வழி கொடுக்கிறது.

ஜவான் என்பதை மறைக்க வேண்டாம். வக்கீலிடம் பேசிவிட்டு யூனிட்டுக்கு அவரே தெரிவிக்கட்டும்.

வக்கீல் வரும்வரை குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். வாய்தா கேளுங்கள். வட்ட சட்டப் பணிகள் குழு தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். சாதிச் சான்றிதழ் நகலோடு மனு கொடுங்கள். குற்றம் உண்மை என்றால் ஒப்புக்கொள்வதும் ஒரு வழிதான். ஆனால் 17ஆம் விதியைத் தெரிந்துகொண்டு, தண்டனைக் குறைப்புக்கான காரணங்களை எழுத்தில் வைத்த பிறகு ஒப்புக்கொள்ளட்டும்.

முகாமுக்குள் நடந்தது என்றால், குற்றச்சாட்டைக் கேட்கும் நாளில் சாட்சிகளைக் கேள்வி கேட்கும் உரிமை 22ஆம் விதியில் இருக்கிறது என்பதைச் சொல்லி அனுப்புங்கள். வேலை நீக்கம் வந்துவிட்டால் கதை முடியவில்லை. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

சாதி இழிவு நடந்திருந்தால் தனிப் புகார், தனித் தாள்.

எங்கள் இரவுப் பாடசாலையில் இந்த விவரங்களை ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சடித்திருக்கிறோம். ஆட்சேர்ப்புக்குப் போகும் ஒவ்வொரு பையனின் சான்றிதழ்க் கோப்பிலும் ஒன்று வைத்து அனுப்புகிறோம். உங்கள் பகுதியிலும் இதைச் செய்யுங்கள். டாஸ்மாக் கடைக்கு எதிரான போராட்டம் வழக்கம்போல அடுத்த திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. அதற்கும் வாருங்கள்.

ஜெய்பீம்.